தவறான சந்தில் கூடிய எடை

கயலின் எடை கூடிக்கொண்டே போனது. மண்ணாங்கட்டி பயந்தது அதற்குத்தான்.

மூன்று வயது மகள் எடை கூடினால் எந்த அப்பனும் சந்தோஷப்படுவான். முதல் சந்தில் குடியிருந்திருந்தால் மண்ணாங்கட்டியும் சந்தோஷப்பட்டிருப்பான். ஆனால் அவன் வீடு இரண்டாம் சந்தில் இருந்தது.

நந்தனத்துக்குப் பின்புறம், அடையாற்றுக் கரையில் இருக்கும் கன்னியம்மன் தோட்டத்தில் மொத்தமே இரண்டு சந்துகள்தான். மண்ணாங்கட்டி தினமும் தியாகராய நகருக்குப் போய், அய்யாதுரை அண்ணாச்சியின் ஜவுளிக்கடைக்கு வரும் துணி மூட்டைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி, ரங்கநாதன் தெருக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு தள்ளுவான். மனைவி ஜோதிலட்சுமி மயிலாப்பூரில் மூன்று வீடுகளில் வேலை செய்தாள். மண்ணாங்கட்டிக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை என்பதால், எமனுக்கும் ஆசை வராத பெயராக இருக்கட்டும் என்று அவனுக்கு அப்படிப் பெயர் வைத்தார்கள். எமன் இதுவரை தொந்தரவு செய்யவில்லை. பரீட்சை அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு வருகிறவர்கள்தான் செய்தார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் ஆற்றின் எதிர்க்கரைக்கு அப்படி ஒருவர் வந்தார். வீட்டில் எத்தனை பேர், எத்தனை குழந்தைகள் என்று சிரித்த முகமாகக் கேட்டு எழுதிக்கொண்டு, கதவுகளில் எண் போட்டுவிட்டுப் போனார். ஐந்து மாதம் கழித்துப் பார்த்தால் கதவும் இல்லை, வீடும் இல்லை. அங்கே இருந்த ஜனங்களை ஊருக்கு வெளியே, இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து கன்னியம்மன் தோட்டத்தில் யாராவது அட்டையோடு நுழைந்தால் குழந்தைகள்கூட விளையாட்டை நிறுத்திவிடும்.

அதனால் எட்டு மாதத்துக்கு முன் மதிவாணன் அட்டையோடு வந்து நின்றபோது, அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் எல்லோரும் சரி என்றார்கள். அவர் அடையாறில் இருக்கும் ஊட்டச்சத்துத் திட்டச் செயலாக்க ஆய்வு நிறுவனத்தின் கள மேற்பார்வையாளர். குழந்தைக்கு என்ன கொடுத்தால் நல்லது என்று கண்டுபிடிப்பது அவர்களுடைய வேலை இல்லையாம். அது எப்போதோ கண்டுபிடித்து முடிந்துவிட்டது. கண்டுபிடித்ததைக் குழந்தையின் வாய்வரை கொண்டுபோவது எப்படி, ஒரு சந்தில் கொண்டுபோனதை ஒரு மாநிலம் முழுக்கக் கொண்டுபோவது எப்படி என்பதுதான் ஆராய்ச்சி என்று அவர் விளக்கினார்.

முதல் சந்துக் குழந்தைகளுக்குத் தினம் ஒரு சத்துருண்டை. அம்மாக்களுக்கு வாரம் மூன்று நாள் ஆலோசனை வகுப்பு. இரண்டாம் சந்துக்கு ஒன்றும் கிடையாது. அது ஒப்பீட்டுச் சந்து. மாதம் ஒருமுறை எடை மட்டும் பார்ப்பார்கள்.

"நீங்க எதையும் மாத்தக் கூடாது. எப்பவும் எப்படி இருக்கீங்களோ அப்படியே இருக்கணும். அதுதான் இந்த ஆய்வுக்கு உங்க பங்களிப்பு" என்றார் மதிவாணன்.

அப்படியே இருந்து குழந்தை இளைத்துப் போனால் என்ன செய்வது என்று ஜோதிலட்சுமி கேட்டாள். இளைத்தால் அதுவும் மிகவும் பயனுள்ள தகவல்தான் என்று அவர் தைரியம் சொன்னார். இருபத்திரண்டு பக்க ஒப்புதல் படிவத்தில் பதினான்கு இடங்களில் மண்ணாங்கட்டி கையெழுத்துப் போட்டான். கதவில் ஏழு என்று எண் ஒட்டினார்கள். அன்று இரவு அவன் தூங்கவில்லை.

நான்கு மாதம் எல்லோரும் எப்பவும் போலத்தான் இருந்தார்கள். பெரியவர்கள் காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். அங்கன்வாடி பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. கூட்டிக்கொண்டு போக ஆள் கிடையாது. சந்தில் இருந்த ஏழு சின்னக் குழந்தைகளும் ஆளுக்கொரு பிஸ்கட் பொட்டலத்தோடு பொழுதைக் கழித்தன. எடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மதிவாணன் ரொம்பத் திருப்தியாக இருந்தார்.

ஐந்தாம் மாதம் முத்தம்மா வழுக்கி விழுந்தாள். மயிலாப்பூர்க் குளத்தோரம் பூ விற்கிறவள், நாற்பத்தைந்து வயது, தனி ஆள். மழையில் பாசி பிடித்த படியில் கால் சறுக்கி இடது கணுக்கால் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டு, மூன்று மாதம் நகரக் கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். அவள் வீட்டு வாசலில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பொழுது போகவில்லை. எதிரே ஏழு குழந்தைகள் பிஸ்கட்டைக் கொறித்துக்கொண்டு திரிந்தன. இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் ஒவ்வொரு வீடாகச் சொல்லி அனுப்பினாள்: வடித்த சோற்றில் ஒரு கிண்ணம், கொஞ்சம் கீரை, முடிந்தவர்கள் முட்டை, காலையில் என்னிடம் வைத்துவிட்டுப் போங்கள்.

பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் அவள் பிசைந்து ஊட்டினாள். வாங்காத குழந்தையைத் திட்டினாள். துப்பின குழந்தைக்கு முகத்தைத் துடைத்து மறுபடி ஊட்டினாள். அவ்வளவுதான் நடந்தது.

முதல் சந்தில் திட்டம் திட்டப்படி நடந்தது. ஆலோசனை வகுப்பு காலை பதினொரு மணிக்கு. குழந்தைக்கு நேரத்துக்குச் சாப்பாடு கொடுப்பதன் அவசியம் பற்றி இரண்டு மணி நேரம் வகுப்பு நடக்கும். அதுவரை குழந்தைகள் அம்மாக்களின் முந்தானையைப் பிடித்து இழுத்து அழும். வகுப்புக்காக வேலைக்கு மட்டம் போட்டதில் இரண்டு பெண்களுக்கு வேலை போயிற்று. சத்துருண்டை கல் மாதிரி இருந்தது. குழந்தைகள் அதை உருட்டி விளையாடின. பதிவேட்டில் அது 'குழந்தைகளின் கைக்குச் சென்றடைந்தது' என்று ஏறியது.

ஆறாம் மாதம் கூடியதை இயந்திரக் கோளாறு என்று விட்டுவிட்ட மதிவாணன், ஏழாம் மாதம் கயலை எடை போட்டார். பத்து கிலோவில் இருந்த குழந்தை பதினொன்றரையைத் தொட்டிருந்தது. அவர் முகம் வெளுத்தது. எடை இயந்திரத்தை மாற்றினார். அதே எடை. அடையாறிலிருந்து மூன்றாவது இயந்திரத்தை வரவழைத்தார். அது இன்னும் நூறு கிராம் கூட்டிக் காட்டியது. மற்ற ஆறு குழந்தைகளுக்கும் அதேபோல எடை கூடியிருந்தது.

வீட்டில் ஏதாவது மாறியதா என்று அவர் தணிந்த குரலில் கேட்டார். மண்ணாங்கட்டிக்குப் பதினான்கு கையெழுத்தும் கண் முன்னால் வந்தன.

"ஒண்ணியும் மாறல சார். எப்பவும் போலத்தான் கீறோம்."

மதிவாணன் அட்டையில் ஏதோ எழுதிக்கொண்டார். ஓரக்கண்ணால் பார்த்தபோது 'மறுக்கிறார்' என்று இருந்தது.

அன்று சாயங்காலம் சந்து கூடிப் பேசியது. விஷயம் தெரிந்தால் படிவத்தை மீறினோம் என்று பெயரை அடித்துவிடுவார்கள், அடித்த பெயர்களைப் பட்டியலாக்கி எங்கேயாவது கொடுப்பார்கள், அப்புறம் வீட்டை இடிக்க வண்டி வந்து நிற்கும் என்று ஒருவர் சொன்னார். அடுத்த எடை நாளன்று குழந்தைகளின் கொலுசு, அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றிவிடுவது என்று முடிவாயிற்று. முந்தின நாளிலிருந்து முத்தம்மா ஊட்டக் கூடாது என்றும் பேசினார்கள். அவள் மாட்டேன் என்றாள்.

"பசின்னு வந்து வாயத் தொறக்கற கொயந்தகிட்ட, நாளிக்கு எடை போடறாங்கோ, அப்பால வான்னு நான் இன்னான்னு சொல்றது? நீங்களே சொல்லிக்கினு போங்க."

எடை நாள் காலையில் மண்ணாங்கட்டி வேலைக்குப் போகவில்லை. முத்தம்மா வாசலில் கயல் அவித்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு முதல் கடி கடிக்கப் போனாள். சந்து முனையில் மதிவாணனின் வண்டிச் சத்தம் கேட்டது. மண்ணாங்கட்டி பாய்ந்து போய் அந்த முட்டையைப் பிடுங்கினான். ஒளித்துவைக்க இடம் தெரியாமல் தன் வாயில் போட்டுக்கொண்டான். குழந்தை அழவில்லை. அப்பன் மெல்லுவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றது. அந்த முட்டை அவனுக்குத் தொண்டையில் இறங்குவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்படியும் கயல் முந்நூறு கிராம் கூடியிருந்தாள்.

நான்காம் நாள் கடிதம் வந்தது. ஒப்பீட்டுச் சந்தில் ஏற்பட்டுள்ள விளக்க இயலாத எடை உயர்வு குறித்துக் கசிவு விசாரணைக் குழு கூடுகிறது, குழந்தையோடு ஆஜராகவும் என்று இருந்தது. 'கசிவு' என்பதை அண்ணாச்சி கடைக் கணக்கர் இரண்டு தடவை படித்துவிட்டு, ஏதாவது வாயு சம்பந்தமாக இருக்கும் என்றார். ஜோதிலட்சுமி இரண்டு நாளைக்குத் துணிமணியை ஒரு பையில் எடுத்துவைத்தாள்.

அடையாறு அலுவலகத்தின் கூட்ட அறை குளிர்ந்து கிடந்தது. நீள மேசையைச் சுற்றி ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தட்டு முந்திரி. சுவரில் ஒட்டிய படத்தில் எலும்பும் தோலுமாக ஒரு குழந்தை அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. கயல் முந்திரியைப் பார்த்தாள். ஒருவர் நகர்த்தி வைக்கப் போனார். விசாரணை முடியும்வரை குழந்தைக்கு எதுவும் கொடுக்க வேண்டாம், எடை பாதிக்கும் என்று பக்கத்திலிருந்தவர் தடுத்தார்.

நிறுவனத்தின் இயக்குநர் டாக்டர் ஷண்முகப்ரியா எழுந்து நின்று பேசினார்.

"இருபத்திரண்டு ஆண்டுகளாக நாம் குழந்தைகளின் பசிக்காக உழைத்து வருகிறோம். பசி இன்றும் இருக்கிறது என்பதே நம் உழைப்பு எவ்வளவு தேவை என்பதற்குச் சான்று. இந்தக் குழந்தைக்கு எடை கூடியதில் எனக்குத் தனிப்பட்ட முறையில் மகிழ்ச்சிதான். ஆனால் அது தவறான சந்தில் கூடியிருக்கிறது."

முதல் சந்துச் சத்துருண்டைகள் இரண்டாம் சந்துக்குக் கசிந்தனவா என்று அவர்கள் விசாரித்தார்கள். சுவர் ஏறி வந்ததா, சொந்தக்காரர்கள் மூலம் வந்ததா, எலி இழுத்து வந்ததா என்று ஒன்றன் பின் ஒன்றாகக் கேட்டார்கள். மண்ணாங்கட்டி குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். முத்தம்மாக்கா, கீரை, முட்டை, பதினொரு மணி, நாலு மணி.

யாருடைய அனுமதியின் பேரில் அவர் ஊட்டினார் என்று ஒருவர் கேட்டார். அவர் எங்கே பயிற்சி பெற்றார், எந்தக் கோட்பாட்டின் அடிப்படையில் பதினொரு மணியைத் தேர்ந்தெடுத்தார் என்று இன்னொருவர் கேட்டார்.

"அவுங்களுக்குக் கால் ஒடஞ்சுபோச்சு சார்" என்றான் மண்ணாங்கட்டி.

ஒன்பது பேரும் அதை எழுதிக்கொண்டார்கள்.

அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் பேசினார்கள். கண்ணாடிக் கதவின் வழியாகக் குரல் கேட்டது. நிதி கொடுக்கும் வெளிநாட்டு அமைப்புக்கு இன்னும் ஒன்பது நாளில் அறிக்கை போக வேண்டும். முதல் சந்தில் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. பிறகு கைதட்டல் கேட்டது. கைதட்டல் கேட்டதும்தான் அவனுக்கு உயிரே போயிற்று. எதிர்க்கரையிலும் கடைசியில் ஒரு கூட்டம் போட்டு எல்லோரும் கைதட்டியதாகச் சொல்வார்கள்.

ஆனால் ஷண்முகப்ரியா வெளியே வந்து அவன் கையைக் குலுக்கினார். இரண்டாம் சந்து இனி ஒப்பீட்டுச் சந்து இல்லை, மூல மாதிரிச் சந்து என்றார். 'அமர்ந்த பராமரிப்பாளர் மாதிரி' என்று பெயர் வைத்தாயிற்று, பன்னிரண்டு மாவட்டங்களுக்கு விரிவாக்கப் போகிறோம் என்றார். அவனுக்கு விளங்கியதெல்லாம், தன் சந்தைப் பற்றி ஒரு பட்டியல் தயாராகிறது என்பதுதான்.

அடுத்த வாரம் ஒரு வெள்ளைக் கார் வந்து முத்தம்மாவை ஏற்றிக்கொண்டு போனது. அவளுக்கு முதன்மைப் பயிற்றுநர் என்று சான்றிதழ், எண் ஒன்று. நந்தனத்தில் ஒரு மண்டபத்தில் தினமும் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை பயிற்சி. அவள் மாட்டேன் என்றுதான் சொன்னாள். மண்ணாங்கட்டியும் மற்றவர்களும்தான், பேசாமல் போய்விட்டு வா, இல்லாவிட்டால் என்ன ஆகுமோ என்று கெஞ்சி அனுப்பினார்கள்.

பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் சந்தில் யாரும் இல்லை. ஜோதிலட்சுமி ஒரு வீட்டு வேலையை விட்டுவிட்டுத் தானே ஊட்டுகிறேன் என்றாள். மதிவாணன் சுற்றறிக்கையை நீட்டினார். மூல மாதிரிச் சந்தில் சான்றிதழ் பெற்றவர் மட்டுமே ஊட்டலாம், மற்றவர்கள் ஊட்டினால் மாதிரி கெட்டுவிடும். படித்துக் காட்டியபோது அவர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. பெற்றோர்கள் பயந்துகொண்டு மறுபடி பிஸ்கட் பொட்டலத்துக்குத் திரும்பினார்கள்.

ஒரு மாதத்தில் கயல் அறுநூறு கிராம் இறங்கினாள். அடுத்த மாதம் காய்ச்சல் வந்து இன்னும் இறங்கினாள். தோளில் எலும்பு தெரிந்தது. தூக்கும்போது துணி மூட்டையில் பாதி உருவிவிட்டதுபோல இருந்தது. மண்ணாங்கட்டி இத்தனை நாளும் பயந்ததெல்லாம் அட்டைக்கும் பட்டியலுக்கும்தான். இப்போது வந்த பயம் வேறு மாதிரி இருந்தது. அதற்கு முன்னால் பழைய பயம் ஒன்றுமில்லாமல் போயிற்று. கயலைத் தோளில் போட்டுக்கொண்டு நந்தனத்துக்கு நடந்தான்.

மண்டபத்தில் அறுபது பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் இடது காலை மட்டும் நீட்டியிருந்தார்கள். நூற்று நாற்பது பக்கக் கையேட்டில் மூன்றாம் அத்தியாயம் அது. ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பிளாஸ்டிக் பொம்மை இருந்தது. கரண்டியைப் பொம்மையின் உதட்டில் வைத்து எடுத்து, படிவத்தில் குறித்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் முத்தம்மா மைக்கைப் பிடித்தபடி, யாரோ எழுதிக் கொடுத்ததைத் திக்கித் திக்கி வாசித்துக்கொண்டிருந்தாள்.

மண்ணாங்கட்டி வரிசைகளுக்கு நடுவே போனான்.

"க்கா, கயலு காலைலேந்து ஒண்ணியும் துண்ணல. ரெண்டு மாசமா இப்படித்தான் கீது."

முன் வரிசையில் இருந்த ஷண்முகப்ரியா எழுந்தார். களத்தின் குரல் நேரடியாக நம்மிடம் வந்திருப்பது இந்தப் பயிற்சிக்கே பெருமை என்றார். அறுபது பேரும் கைதட்டினார்கள்.

முத்தம்மா மைக்கைக் கீழே வைத்தாள். நொண்டிக்கொண்டே இறங்கி வந்து குழந்தையை வாங்கினாள். பயிற்சிக்கு வந்தவர்களின் மதிய உணவு ஓரமாக இருந்தது. ஒரு தட்டை எடுத்துச் சாம்பார் சாதத்தைப் பிசைந்து ஊட்ட ஆரம்பித்தாள். கயல் முதல் வாயைத் துப்பினாள். முத்தம்மா திட்டிவிட்டு, வாயைத் துடைத்து மறுபடி கொடுத்தாள். சில பெண்கள் பொம்மையை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து பார்த்தார்கள். பேனாவை எடுத்தார்கள். இது கையேட்டில் இல்லை, யாரும் குறித்துக்கொள்ள வேண்டாம் என்று ஷண்முகப்ரியா சொன்னார்.

தட்டு காலியானதும் முத்தம்மா கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி ஒரு பொம்மையின் கழுத்தில் மாட்டினாள்.

"வா நைனா, வூட்டுக்குப் போலாம்" என்றாள்.

விரிவாக்கம் நிற்கவில்லை. பன்னிரண்டு மாவட்டங்களிலும் பயிற்சி நடந்தது. ஒன்பதாயிரம் பொம்மைகளுக்கு ஊட்டினார்கள். ஒரு பொம்மைகூட எடை குறையவில்லை என்று அறிக்கை சொன்னது.

கன்னியம்மன் தோட்டத்துக்குப் பதினைந்து நாள் யாரும் வரவில்லை. முத்தம்மா மறுபடி ஊட்ட ஆரம்பித்திருந்தாள். காரின் சத்தம் கேட்டால் கிண்ணத்தை மறைத்துக்கொள்வாள். மண்ணாங்கட்டி கடையில் மூட்டையை இறக்கும்போதுகூட, இந்நேரம் வண்டி வந்திருக்குமோ என்று நினைத்துக்கொள்வான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதிவாணன் சந்துக்குள் நடந்து வந்தார். கையில் அட்டை இல்லை. அதைப் பார்த்துத்தான் எல்லோரும் அதிகம் பயந்தார்கள். எழுதவேண்டியதெல்லாம் எழுதி முடிந்துவிட்டது என்றுதானே அர்த்தம். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. மண்ணாங்கட்டி மட்டும் கயலைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றான்.

மதிவாணன் தயங்கித் தயங்கிச் சொன்னார். மூல மாதிரிச் சந்தில் என்ன நடக்கிறது என்று இயக்குநர் புதிதாக ஓர் ஆய்வுக்கு உத்தரவு போட்டிருந்தாராம். அதற்கு இவர் அறிக்கை கொடுத்துவிட்டாராம்.

"ஏழு குழந்தையும் காணவில்லை, பின்தொடர முடியவில்லைன்னு எழுதிட்டேன். அப்படி எழுதிட்டா எங்க ஆபீஸ்ல ஃபைலை மூடிருவாங்க. இனிமே யாரும் வரமாட்டாங்க."

காணவில்லை என்றால் ரேஷன் கார்டிலிருந்தும் காணாமல் போய்விடுவார்களா என்று மண்ணாங்கட்டி கேட்டான். இல்லை, எங்களுக்கு மட்டும்தான் காணவில்லை என்றார் மதிவாணன். அவன் அதை இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னான்.

சொல்லி முடித்தும் அவர் போகவில்லை. அவருடைய காலுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னப் பெண் எட்டிப் பார்த்தாள். கயல் வயதுதான் இருக்கும். கன்னம் ஒட்டியிருந்தது. அவருடைய மகளாம், வேளச்சேரியில் வீடு. கையேட்டில் உள்ளபடி எல்லாம் செய்து பார்த்துவிட்டார்களாம், வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறாளாம்.

முத்தம்மா கிண்ணத்தை மறைவிலிருந்து வெளியே எடுத்தாள். அந்தப் பெண்ணைப் பார்த்து, இங்கே வா என்று தலையை அசைத்தாள்.

மணி பதினொன்று. சாத்திய கதவுகள் திறந்தன. பதிவேட்டில் காணாமல் போன ஏழு குழந்தைகளும் வந்து முத்தம்மாவின் முன்னால் உட்கார்ந்தன. எட்டாவதாக மதிவாணனின் மகள் உட்கார்ந்தாள்.